டிஜிட்டல் ஓவியம்: உங்கள் கை எப்போது திருந்தியது?

டிஜிட்டலில் வரைகிற எல்லோரிடமும் ஒரு கேள்வி. யார் சொல்லி, எதைப் பார்த்து உங்கள் கை திருந்தியது? எந்த கோர்ஸ் முடித்தீர்கள் என்பதெல்லாம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

2019இல், வேலைக்குப் போன புதிதில், திரை இல்லாத பேனா டேப்லெட் ஒன்று வாங்கினேன், மேசையில் வைத்து அதன்மேல் பேனாவால் வரைந்தால் கோடு கணினித் திரையில் விழும். பேனாவை அழுத்துவதில் 8192 நிலைகளைப் பிரித்து உணரும் என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருந்தது. காகிதத்தில் நன்றாகவே வரைவேன், இதில் என்ன இருக்கப்போகிறது என்ற தைரியம். வட்டம் போட்டேன், முட்டை வந்தது. கை மேசையில், கண் திரையில் இருப்பதால் பழக ஒரு மாதம் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். முட்டையையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டேன். மூன்று வாரம் கழித்துதான் விஷயம் தெரிந்தது. டேப்லெட்டின் பரப்பு அகலத்துக்கு உயரம் 16:10, என்னுடைய பழைய மானிட்டர் 5:4. அகலமானதை அப்படியே நெருக்கிச் சதுரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தது, டேப்லெட்டைக் கணினியோடு இணைக்கும் மென்பொருளான டிரைவர். விகிதம் மாறாமல் இருக்க ஒரு டிக் அடித்ததும் முட்டை வட்டமாகிவிட்டது. மூன்று வாரம் என் கையைத் திட்டியதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

ஆனால் கோடு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் வரைகிற கிரிட்டா மென்பொருளில், கோட்டைத் தானே சீராக்கும் ஸ்டெபிலைசரைக் கூட்டினால் நடுக்கம் போகும். கூடவே கோட்டின் உயிரும் போகும், ஒயரை வளைத்து ஒட்டியதுபோல இருக்கும்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. காலண்டர் சாமி படங்களுக்குப் பேர்போன கொண்டையராஜு வாழ்ந்த ஊர். எங்கள் தெருவில் போர்டு எழுதும் மாமா ஒருவர் இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கடைப் பலகை வேலை குறைந்துவிட்டது, இப்போது எப்போதாவது பள்ளிச் சுவர், லாரிப் பலகை என்று கூப்பிடுகிறார்கள். ஒருநாள் அப்பாவைப் பார்க்க வந்தவர், என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"ஏம்மா, ஒரு கோடு போடுற, உடனே அழிக்குற. எதுக்கு?"

"சரியா வரல மாமா."

"எந்த எடத்துல சரியா வரல?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், சொல்லத் தெரியவில்லை. கோடு முடிவதற்குள் இடது கை, போட்டதை அழிக்கும் கண்ட்ரோல் இசட்டை அமுக்கியிருக்கும். அந்தக் கோட்டை நான் பார்த்ததே இல்லை. "சுவத்துல எனாமல் வச்சா அது அங்கதான் இருக்கும், மூஞ்சியப் பாத்துக்கிட்டே. அப்ப தெரிஞ்சுபோகும்" என்றார் மாமா.

அன்றிலிருந்து ஒரு மாதம், பயிற்சி நேரத்தில் மட்டும் அண்டூ எனும் அந்த அழிப்புக்கான குறுக்குவிசையை எடுத்துவிட்டேன். தப்பான கோடு அப்படியே கிடக்கும். அதன்மேல் கண்ணாடித் தாள் விரித்தமாதிரி புது லேயர் போட்டு, சிவப்பில் சரியான கோடு. நாலைந்து நாளில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. என் வளைவுகள் எல்லாமே வலது ஓரத்துக்குப் போகும்போது தட்டையாகின்றன! மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு வரைவதால், அது திரும்புகிற அளவோடு வளைவும் முடிந்துபோகிறது. முழங்கையிலிருந்து இழுத்தபோது முதல் வாரம் கோடு எங்கெங்கோ ஓடியது. அப்புறம் வந்துவிட்டது. ஸ்டெபிலைசரை இப்போது எழுத்துரு வேலைக்கு மட்டும்தான் போடுகிறேன்.

* * *

நல்ல கதைதான், ஆனால் அண்டூவை எதற்குக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்? ஆறு வருடமாக கேம்களுக்குப் பின்னணி வரைகிறேன். மாலைக்குள் மூன்று மாதிரி கேட்பார்கள், அண்டூ இல்லாவிட்டால் நான் வீட்டுக்கே போக முடியாது.

என்னைத் திருத்தியது கேன்வாஸைக் கண்ணாடிபோல இடவலமாகத் திருப்பிப் பார்க்கிற விசை. கிரிட்டாவில் எம் எழுத்தை அமுக்கினால் போதும். ஒரு பெண்ணின் முகம் வரைந்து இரண்டு நாள் நானே மெச்சிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திருப்பினேன், தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது, வாதம் வந்தமாதிரி. அதையே பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டிருக்கிறது. இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் எனக்குப் பயம். அடுத்தது, மேலே ஒரு லேயர் போட்டு நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு வெளிச்சம், இருட்டு மட்டும் பார்ப்பது. சிவப்பும் பச்சையும் போட்டு நன்றாகப் பிரித்துவிட்டேன் என்று நினைத்திருப்போம். சாம்பல் நிறத்தில் பார்த்தால் ஆளும் மரமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

நீங்களும் உங்கள் மாமாவும் சொல்வது இதைத்தானோ என்னவோ. இருந்தாலும் அண்டூ எனக்கு வேண்டும்.

* * *

நான் யாழ்ப்பாணம். கோடு எனக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை, நிறத்தில்தான் அடிவாங்கினேன்.

வெளிநாட்டு வீடியோக்களில் தோலுக்குக் காட்டும் நிறங்கள் எல்லாம் வெளிறிய தோலுக்கானவை. அடிப்படை நிறம், கன்னத்தில் ரோஜா, நிழலுக்குக் கொஞ்சம் கறுப்பு. அதே முறையில் அம்மம்மாவை வரைந்தேன். அவ நல்ல கறுப்பு. அடிப்படை நிறத்தைக் கருமையாக்கி, நிழலுக்குக் கறுப்பும் வெளிச்சத்துக்கு வெள்ளையும் கலந்தேன். கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, என்ர முகம் முழுக்கத் திருநீறு அள்ளிப் பூசியிருக்கிறாய்?" என்றா.

சரியாகச் சொன்னா. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

அடுத்த நாள் காலை, எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு விறாந்தையில் இருந்தவவைப் படம் எடுத்தேன். எடுத்த உடனே நிறத்தை உறிஞ்சவில்லை. நெற்றி என்ன நிறம், மூக்கின் ஓரம் என்ன நிறம் என்று கண்ணால் ஊகித்து, படத்துக்குப் பக்கத்தில் சிறு கட்டங்களாக வைத்துக்கொண்டேன். பிறகு படத்தில் தொட்ட இடத்தின் நிறத்தை எடுத்துத் தரும் ஐட்ரொப்பரால் உண்மை நிறத்தை எடுத்து அதனதன் கீழே வைத்தேன். பன்னிரண்டில் பத்துப் பிழை. நெற்றியில் வெள்ளை என்று நான் நினைத்தது மங்கிய நீலம், முற்றத்து வானம் அதில் தெரிகிறது. தாடையின் கீழே கறுப்பு என்று நினைத்த இடத்தில் செங்கல் நிறம், கீழே சிவப்புச் சீமெந்துத் தரை. கறுத்த தோல் உள்வாங்கும் வெளிச்சம் அதிகம். அதனால் மேலே மினுங்கும் வெளிச்சம் துலக்கமாகத் தெரியும், அந்த வெளிச்சத்தின் நிறமும் சேர்ந்தே தெரியும். வெள்ளையைக் கலந்து அதைக் காட்ட முடியாது.

மூன்று மாதம் தினமும் ஒரு படம், பன்னிரண்டு கட்டம். இப்போது பாதியாவது சரி வருகிறது. அம்மம்மாவின் இரண்டாவது படம் சுவரில் தொங்குகிறது. "இதில கொஞ்சம் வயசு கூடிப்போச்சு" என்பது அவவின் புதிய புகார்.

* * *

திரையில் பார்த்தது காகிதத்தில் வராத கதை ஒன்று. ஊர்க் கோவில் திருவிழா நோட்டீஸுக்கு முருகன் படம் வரைந்தேன். மயில் கழுத்துக்கு மானிட்டரே எரிகிறமாதிரி ஒரு நீலம். அச்சாகி வந்தபோது மயில் கழுத்து கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கோபத்தோடு அச்சகத்துக்கே போய்விட்டேன். இயந்திரத்தருகே இருந்த பெரியவர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, நீங்க வரைஞ்சது வெளிச்சத்துல. நான் அடிக்கிறது மையில. எங்கிட்ட இருக்கறது நாலே நாலு மை."

தப்பு என்னுடையதுதான். சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் சேர்ந்தாலும் அந்த நீலம் வராது. இன்னொன்றும் காட்டினார். சின்ன எழுத்துகளுக்கு நான் வைத்திருந்த கறுப்பு நான்கு மையிலும் பிரிந்து, தாள் ஒரு மயிரிழை நகர்ந்ததில் எழுத்துக்கு எழுத்து சிவப்பு நிழல் அடித்திருந்தது. உபயதாரர் பெயர்களே இரட்டையாகத் தெரிந்தால் திருவிழாவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதிலிருந்து அச்சு வேலை என்றால் தொடக்கத்திலிருந்தே, மையில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் அச்சு நிற மாதிரியை ஆன் செய்துவிட்டு, அந்த மங்கலுக்குள்ளேயே வரைகிறேன். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும். மயிலின் நீலம் துலங்க அதைச் சுற்றிக் காவியைப் போட வேண்டும் என்பதைப் பழைய காலண்டர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

* * *

நான் போனில் விரலால்தான் வரைகிறேன். டேப்லெட் வாங்கக் காசு சேர்கிறது, சேர்ந்ததும் ஏதாவது செலவு வந்துவிடுகிறது. அந்தப் பன்னிரண்டு கட்டத்துக்குப் பேனா தேவையில்லைதானே? இன்று இரவே தொடங்குகிறேன்.

* * *

கேள்வி கேட்டவள்தான். தாராளமாகத் தொடங்குங்கள், பேனா தேவையே இல்லை. கேம் ஓவியருக்கு: போன வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். பேனாவைக் கையில் கொடுத்தேன். சுண்ணாம்புப் பொடி தடவிய நூலைச் சுண்டி நேர்க்கோடு போட்ட மனுஷன், முதலில் திரையைப் பார்ப்பதா கையைப் பார்ப்பதா என்று திணறினார். அப்புறம் ஒரே இழுப்பில் 'ழ' ஒன்று எழுதினார். வால் மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நீ அமுக்குவியே, அந்த அழிக்கிறது எங்க இருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். நாலைந்து தடவை எழுதி எழுதி அமுக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.