சிறை பற்றிய கண்காட்சிக்கு உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். சிறை என்பது ஓவியத்திலும் பாட்டிலும் உடையிலும் எப்படி வந்திருக்கிறது என்று மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறோம். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதியாரைப் பிடித்து அடைத்த ஊராயிற்றே கடலூர், இங்கே வைக்காமல் வேறெங்கே வைப்பது?

பாட்டுக்குப் பஞ்சமில்லை. நீற்றறையில் அடைபட்ட அப்பர் பாடியது 'மாசில் வீணையும்'. அப்புறம் கல்லில் கட்டிக் கடலில் போட்டும், அவர் கரையேறியது நம் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம்தான் என்பது ஐதீகம். அந்தப் பதிகத்தைப் பாட ஓதுவார் யாராவது தெரியுமா? சின்ன ஹால்தான், மைக் வேண்டாம்.

கைதிகள் முற்றத்தில் வட்டமாக நடப்பதாக வான்கோ 1890இல் வரைந்த ஓவியத்துக்குப் பிரிண்ட் போட்டாயிற்று. எனக்கென்னவோ அதைவிட முக்கியம், வ.உ.சி. செக்கிழுக்கும் பழைய காலண்டர் படம். நெட்டில் இருப்பதெல்லாம் ஒரே மங்கல். யார் வீட்டிலாவது மாட்டியிருந்தால், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

உடையில்தான் இடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறைகளின் கறுப்பு வெள்ளைப் பட்டை உடை ஒன்று வேண்டும். மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்கு விடும் மினுமினு நைலான் சரிப்படாது. முரட்டுக் காடாத் துணியில் பட்டை அச்சடித்துத் தைத்துத் தரும் டெய்லர் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்தால் சொல்லுங்கள். கூலியை முன்பணமாகவே கொடுத்துவிடுகிறோம்.