லினக்ஸ் லேப்டாப்புல ரெண்டாவது மானிட்டர் மாட்டப் போய் நீங்க பட்ட பாடு என்ன?

குன்னூர்க்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன், ஒரு வருஷம் ஆகியும் மனசுல கிடந்து உறுத்துது. உபுண்டு 22.04, இன்டெல் கூட என்விடியா கார்டும் இருக்கற லேப்டாப். கோயமுத்தூர்ல 24 இன்ச் மானிட்டர் வாங்கி மேல கொண்டாந்து எச்டிஎம்ஐ சொருகினா நோ சிக்னல். என்விடியா டிரைவர் போடணும்னு ஒரு வீடியோல பார்த்து டெர்மினல்ல காப்பி பேஸ்ட் பண்ணேன், நடுவுல ஏதோ பாஸ்வேர்டு வைக்கச் சொல்லுச்சு, வச்சேன், ரீஸ்டார்ட் பண்ணா நீல கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்து நிக்குது, அந்த நேரம் பார்த்தா எங்கம்மா "டேய் வாசல்ல காட்டெருமைடா, கேட்ட சாத்துடா"ன்னு கத்தணும்? ஓடிப்போய் சாத்திட்டு வந்து பார்த்தா லேப்டாப் பாட்டுக்கு லாகின் ஸ்கிரீன்ல நிக்குது. சரி முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மானிட்டர் மறுபடியும் நோ சிக்னல்.

மானிட்டர்தான் போச்சுன்னு முடிவு பண்ணி அட்டைப்பெட்டியோட மடியில வச்சுக்கிட்டு பர்லியார் வளைவெல்லாம் பஸ்ஸுல இறங்கி கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசல. அவரோட விண்டோஸ் லேப்டாப்ப எடுத்தாரு, அதே கேபிள், சொருகினாரு. பளிச்சுன்னு படம். கடையில நின்ன நாலு பேரும் மானிட்டர பார்க்கல, என்னையத்தான் பார்த்தாங்க. அப்புறம் அங்க வேலை செய்யற பையன் என் லேப்டாப்ப வாங்கி பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகறப்ப வர்ற செட்டிங்ஸ்) போய், நம்பகமான கையெழுத்து இல்லாத சாஃப்ட்வேர ஏறவிடாத செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணான், ரெண்டு நிமிஷம், வந்துருச்சு. "இதுக்காண்ணா ஊட்டியிலிருந்து வந்தீங்க"ன்னான். குன்னூர்டான்னு சொல்லக்கூட வாய் வரல.

மலைப்பூண்டு:
அண்ணே நீங்களாச்சும் பஸ் ஏறுனீங்க, நான் பூம்பாறையில உக்காந்து ஆன்லைன்ல டைப்-சி ஹப் ஆர்டர் பண்ணிட்டு கொரியர்காரனுக்கு எட்டு தடவை போன் போட்டேன். வந்துச்சு. சொருகுனேன். சார்ஜ் ஏறுது, மவுஸ் ஓடுது, பென்டிரைவ் தெரியுது, மானிட்டர் மட்டும் செத்தது செத்ததுதான். ஃபெடோராங்கற லினக்ஸ் போட்டுருந்தேன், அதுதான் காரணம்னு நினைச்சு அழிச்சிட்டு உபுண்டு போட்டேன், அதையும் அழிச்சிட்டு மின்ட் போட்டேன், மூணு நாள் இதே பொழப்பு. மூணாம் நாள் ராத்திரி மழையில கரண்ட் போச்சு, போன் டார்ச்ச அடிச்சு போர்ட்டுக்குப் பக்கத்துல பார்க்குறேன், வெறும் யுஎஸ்பி சின்னம்தான் இருக்கு. டிஸ்ப்ளே போர்ட் சின்னமும் இல்ல தண்டர்போல்ட் மின்னலும் இல்ல. மாடல் நம்பர போட்டு மேனுவல தேடுனா டைப்-சி வழியா படமே வராதாம், டேட்டாவும் சார்ஜும் மட்டும்தானாம்! எந்த ஓஎஸ் போட்டிருந்தாலும் வந்திருக்காது. ஃபெடோராவுல அவ்ளோ அழகா செட் பண்ணி வச்சிருந்தேன், அத நினைச்சாத்தான்.

ஊட்டி வர்க்கி:
என் கதை சின்னது. டிஸ்ப்ளே லிங்க் டாக் ஒண்ணு, அதான் யுஎஸ்பி வழியா மானிட்டர் மாட்டற பெட்டி, வாங்கி ரெண்டு மானிட்டர் மாட்டி நல்லா ஓடிட்டிருந்துச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை லினக்ஸோட மையமான கெர்னல் அப்டேட் ஆச்சு, திங்கக்கிழமை காலைல மீட்டிங் நேரத்துக்கு ரெண்டும் கருப்பு. அவ்ளோதான்.

ஆனா குன்னூர்க்காரரே, செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணது சரியான வழியே இல்ல, யாரும் அதப் பார்த்து செய்யாதீங்க. நீங்க தவறவிட்ட அந்த நீல ஸ்கிரீன்தான் விஷயமே. 10 செகண்டுதான் காத்திருக்கும், ஒரு கீயத் தட்டி, என்ரோல் பண்ணுன்னு (டிரைவரோட கையெழுத்த நம்புன்னு) குடுத்து, முன்னாடி வச்ச அந்த பாஸ்வேர்ட அடிக்கணும். இல்லன்னா டிரைவர் மாட்யூல்ல (கெர்னல்ல ஏத்தற டிரைவர் ஃபைல்) இருக்கற டிஜிட்டல் கையெழுத்த கெர்னல் நம்பாது, லோடே பண்ணாது. நிறைய லேப்டாப்ல எச்டிஎம்ஐ ஓட்டை நேரா என்விடியா கார்டுலதான் கோத்திருக்கும், அந்த டிரைவர் ஏறலன்னா வெளி மானிட்டர் ஒண்ணு இருக்கறதே சிஸ்டத்துக்குத் தெரியாது. தவறிப்போச்சுன்னா மாக்யூட்டில்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுல இம்போர்ட் குடுத்து ரீஸ்டார்ட் பண்ணா மறுபடியும் கேட்கும். அதுக்கும் முன்னாடி, வீடியோ பார்த்து டெர்மினல்ல போட்டதே தேவையில்ல, அடிஷனல் டிரைவர்ஸ் விண்டோல போய் எடுத்திருந்தா பெரும்பாலும் உபுண்டுவே கையெழுத்துப் போட்டுக் குடுக்கற மாட்யூல் வரும், பாஸ்வேர்டே கேட்டிருக்காது. இன்னொண்ணு, அதே லேப்டாப்ல விண்டோஸும் வச்சிருந்து டிஸ்க்க பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா, செக்யூர் பூட்ல கை வச்சதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு உக்காந்துக்கும், அப்ப எங்க போவீங்க.

குன்னூர்க்காரன்:
வாசல்ல காட்டெருமை நிக்கறப்ப 10 செகண்ட் எண்ணிப் பாருங்க வர்க்கி. நான் அட்வைஸ் கேட்கல, அனுபவம்தான் கேட்டேன்.

கோத்தகிரி வாத்தியார்:
2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் ஞாபகம் இருக்குமே, விண்டோஸ் கூட பாஸ்ங்கற நம்ம நாட்டு லினக்ஸும் போட்டு வரும். அதுல ஒண்ணு கைக்கு வந்துச்சு, இப்ப அதுல மின்ட் ஓடுது. கிளாஸ்ல ப்ரொஜக்டர்தான் என் ரெண்டாவது மானிட்டர். பழைய விஜிஏ கேபிள், ப்ரொஜக்டர் தன்னோட அளவு என்னன்னு லேப்டாப்புக்கு சொல்லவே மாட்டேங்குது, அதனால 1024க்கு 768தான் வரும், எழுத்தெல்லாம் கொழகொழன்னு. ஸ்கிரீன் அளவும் இடமும் மாத்தற எக்ஸ்ரேண்டர் கமாண்ட்ல நியூமோடு, ஆட்மோடு எல்லாம் போட்டு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வச்சேன், அதுல பெருமை வேற. ரைட்-ஆஃப்னு (வலப்பக்கம் தனி ஸ்கிரீன்) போட வேண்டிய இடத்துல எங்கிருந்தோ காப்பி பண்ண சேம்-ஆஸ் (ரெண்டுலயும் ஒரே படம்) அப்படியே இருந்துருக்கு, நான் கவனிக்கல.

சுவத்துல பாடம் ஓடுது, என் ஸ்கிரீன்ல தனியா வேலை பார்க்கலாம்னு நினைச்சு மறுநாள் டெஸ்ட்டுக்கு கேள்வித்தாள் டைப் அடிச்சிட்டிருந்தேன். கிளாஸ் என்னைக்கும் இல்லாத அமைதி. பரவாயில்லையே பசங்க கவனிக்கறாங்கன்னு சந்தோஷப்பட்டேன் சார். எட்டாவது கேள்வி அடிச்சிட்டு நிமிர்ந்து பார்த்தா முப்பத்தெட்டு பேரும் தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டிருக்கான், ஒரு பய வாயத் திறக்கல.

அருவங்காடு:
சார் இன்னும் எக்ஸ்ரேண்டரா? உபுண்டு, ஃபெடோரா எல்லாம் ஸ்கிரீன்ல படம் காட்டற புது முறையான வேலேண்டுக்குப் போயாச்சு, அங்க எக்ஸ்ரேண்டர்ல மாத்தினா ஒண்ணும் மாறாது. செட்டிங்ஸ்லயே இழுத்து வைக்கலாம், மிரரா ஜாயினான்னு கண்ணுக்குத் தெரியும்.

கோத்தகிரி வாத்தியார்:
மின்ட்டோட சின்னமன் டெஸ்க்டாப் இன்னும் பழைய முறையான எக்ஸ்ல தான் வருது தம்பி. அதுலயும் இழுத்து வைக்கலாம், எனக்குத்தான் ஸ்கிரிப்ட் எழுதற கொழுப்பு.

மலைப்பூண்டு:
வாத்தியாரே அதெல்லாம் இருக்கட்டும், அப்புறம் டெஸ்ட்டு என்னாச்சு? வேற கேள்வித்தாள் போட்டீங்களா?

கோத்தகிரி வாத்தியார்:
போடல. தப்பு என்னோடதுதானே, அதே பேப்பரையே குடுத்தேன். 31 பேர் ஃபுல் மார்க். மிச்ச ஏழு பேர் சுவத்தப் பார்த்து எழுதினப்பவே ஸ்பெல்லிங் மிஸ்டேக்.