கட்டிக்கொண்டு போன சோறும் கடையில் தின்ற சோறும்

கணக்கப்பிள்ளை:

வேலைக்குப் போகிற இடத்தில் மத்தியானச் சாப்பாடு என்று பேச்சு வந்தாலே எனக்குச் சென்னை மண்ணடிதான் ஞாபகம் வரும். 2008-இல் அங்கே ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் கணக்கெழுதும் வேலை. சம்பளம் 4,500. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, தள்ளுவண்டிக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவில் நெளிந்து நெளிந்து நடந்தால் ஒன்பதரைக்குக் கடை. நட்டு, போல்ட் எல்லாம் அங்கே கிலோக் கணக்கு. கல்லாவுக்குப் பின்னால் ஒரு மர ஏணி. ஏறினால் பரண் மாதிரி ஓர் அறை. அதுதான் ஆபீஸ், சாப்பாட்டு அறையும் அதுதான்.

முதலாளிக்கு மூன்று கடை, ஒரு குடோன், அண்ணா நகரில் சொந்த வீடு. ஒரு மணிக்கு அவருக்கு வீட்டிலிருந்து இரண்டடுக்குக் கேரியர் வரும். விளிம்பு நசுங்கி, மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலடுக்கில் குழையக் குழையப் பிசைந்த மோர் சாதம். கீழே வேகவைத்த சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய். வருஷம் முழுக்க அதேதான், ஊறுகாய்கூடக் கிடையாது. லோடு இறக்குகிறவர்களிலிருந்து எதிர்க்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அந்தக் கேரியர் ஒரு புராணம். “அவர் நெனச்சா தெனம் பிரியாணி திங்கலாம். மோர்ச்சோறு திங்கிறாரு பாரு, அதான் காசு அவர்கிட்ட தங்குது” என்பார்கள். நானும் நம்பினேன்.

அதே பரணில்தான் நானும் என் டப்பாவைத் திறப்பேன். அம்மா வைக்கிற குழம்பு ஊரைக் கூட்டும். ஒருநாள் கருவாடு, ஒருநாள் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. மூடியை எடுத்ததுமே முதலாளி எட்டிப் பார்ப்பார். “இன்னிக்கு என்னப்பா?” ஒருநாள்கூட விட்டதில்லை. நாலாயிரத்து ஐநூறு வாங்குகிறவன் வீட்டில் இவ்வளவு தடபுடலா என்று கேட்பதாகவே எனக்குப் படும். முதலில் மூடியைப் பாதி மறைப்பாக வைத்துச் சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் டப்பாவையே விட்டுவிட்டுத் தெருமுனை மெஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தேன். அளவுச் சாப்பாடு 25 ரூபாய். 26 நாளைக்கு 650. சம்பளத்தில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு. அம்மாவிடம், கடையிலேயே சாப்பாடு போடுகிறார்கள் என்று பொய்.

அவர் டப்பா கொண்டுவந்தால் எளிமை, நான் கொண்டுவந்தால் இல்லாமை. இரண்டும் ஒரே எவர்சில்வர்தான். இதற்கு ஒரு மீதிக் கதை இருக்கிறது, அப்புறம் வருகிறேன். உங்களுக்கு எப்படி?

ஓஎம்ஆர் வாசி:

கணக்கப்பிள்ளை அண்ணா, உங்கள் அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார் என்று சொல்லவே இல்லையே. நான் சொல்கிறேன், நாலரை இருக்கும். நான் இப்போது எழுவது ஐந்துக்கு.

எங்கள் வீட்டில் இது பெரிய விவாதம். ஆப்பில் ஒரு பிரியாணி 190 ரூபாய் என்று போட்டிருப்பான். பேக்கிங், டெலிவரி, பிளாட்பார்ம் கட்டணம், ஜிஎஸ்டி என்று சேர்ந்து கடைசியில் 260-இல் நிற்கும். மாதம் 20 நாள் என்றால் 5,200. என் கணவர் இதை எக்செலில் போட்டுக் காட்டி, “வீட்டுச் சாப்பாடுன்னா இந்தப் பணம் அப்படியே மிச்சம்” என்றார். சரி என்று இரண்டு பேருக்கும் கட்ட ஆரம்பித்தேன். அரிசி, பருப்பு, கேஸ் போக மிச்சமான பணத்தில், மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் கட்டுகிற எஸ்ஐபி ஒன்று போட்டோம். அது அவர் பெயரில் ஓடுகிறது. இரண்டு வருஷம் கழித்து வரித் தாக்கலுக்காகப் பேப்பர்களைத் தேடும்போதுதான் எனக்கு இது உறைத்தது. சண்டை எல்லாம் போடவில்லை. மறுவாரத்திலிருந்து புதன்கிழமை மட்டும் சமைப்பதில்லை என்று சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அவர் புதன்கிழமைகளில் எலுமிச்சைச் சாதம் கிளறக் கற்றுக்கொண்டார். சுமாராக வரும்.

இன்னொரு வேடிக்கை. முந்தின கம்பெனியில் சாப்பாட்டுக்கென்று ஒரு கார்டு கொடுத்தார்கள். அப்போது பழைய வரி முறையில் இருந்தால் வேளைக்கு 50 ரூபாய், இரண்டு வேளை, 22 நாள் என்று மாதம் 2,200 வரை வரி இல்லாமல் இருந்தது. ஓட்டலில் சாப்பிடுவதற்காகக் கொடுத்த கார்டில் நான் சூப்பர் மார்க்கெட்டில் துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் வாங்குவேன். டீமில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் பேன்ட்ரியில் மூன்று மைக்ரோவேவுக்கு வரிசையில் நிற்கும்போது யாரும் மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லமாட்டார்கள். “வெளிச்சாப்பாடு ஒத்துக்கிறதில்ல” என்பார்கள். “டயட்” என்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம் வாங்கினாலும், காசு மிச்சம் பிடிக்கத்தான் கட்டிக்கொண்டு வந்தேன் என்று வாய் திறந்து சொல்ல வெட்கம்.

ஓவர்லாக்:

நமக்குத் திருப்பூருங்க. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின். எங்களுக்கு இந்த வெட்கமெல்லாம் கட்டுப்படியாகாது. பீஸ் ரேட்டில் ஓடுகிறவன் மெஸ்ஸுக்குப் போய், இடம் பிடித்து, தின்றுவிட்டு வருவதற்குள் எத்தனை பீஸ் போகும் என்று விரல் விட்டே எண்ணிவிடுவான். 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வைக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. எங்கள் கம்பெனியில் 60 பேர். அப்புறம் ஏது கேன்டீன்? ஆளாளுக்குத் தூக்குப்போசிதான். அரிசிம்பருப்புச் சோறு, ஒரு சொட்டு நெய், அப்பளம். கட்டிங் டேபிளுக்கு அடியில் துணியை விரித்து உட்கார்ந்துகொள்வோம். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற அன்றைக்குப் போசி வராது. அன்றைக்கு எல்லோரும் பரோட்டாக் கடைப் பணக்காரர்கள்.

எங்களோடு ஒடிசாப் பையன் ஒருத்தன். ரூமிலேயே சமைத்து வருவான். சோறு, உருளைக்கிழங்கு. மறுநாள் உருளைக்கிழங்கு, சோறு. சனிக்கிழமைக்கும் அதேதான். நாங்கள் ஓட்டாத நாள் இல்லை. “டேய் ஆலூ” என்றுதான் கூப்பிடுவதே. நாலு வருஷம் கழித்து ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினான். கான்கிரீட் போட்ட வீடு, முன்னால் அவன் அம்மா நிற்கிறார். நான் அதே லைன்வீட்டில் அதே வாடகையில் இருக்கிறேன். அன்றைக்கு யாரும் அவனை ஓட்டவில்லை. மறுநாள் திரும்ப ஆரம்பித்துவிட்டோம், அது வேறு விஷயம்.

பையும் டையும்:

கட்டிக்கொண்டு போகலாம், எங்கே உட்கார்ந்து தின்பது? நான் மெடிக்கல் ரெப். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் இரவு ஒன்பது வரை பைக்தான் ஆபீஸ். ஆரம்பத்தில் மனைவி டப்பா கட்டிக் கொடுத்தாள். ஒரு பார்க் பெஞ்சில் டை கட்டிக்கொண்டு தக்காளிச் சாதம் சாப்பிடுகிறவனை வாட்ச்மேன் பார்க்கிற பார்வை இருக்கிறதே! சைடு பாக்ஸில் வெயிலில் கிடந்து சாதமும் பாதி நாள் சளித்துப் போகும்.

2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகம் வந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. எட்டு ரூபாயில் வயிறு நிறையும். முதல் தடவை போகும்போது, வாசலிலேயே டையைக் கழற்றிச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஷூவை என்ன செய்ய முடியும்? டோக்கன் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிடும் மேஜைக்குத் தட்டை எடுத்துப் போனால், எதிரில் எங்களுக்குப் போட்டிக் கம்பெனியின் ஏரியா மேனேஜர். அவர் பாக்கெட்டிலும் டையின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கொடுக்கும்போது, “நாளைக்கு இங்கயா?” என்றார். அதன்பிறகு ஒரு வருஷம் நாங்கள் சாப்பாட்டுக் கூட்டாளிகள். டாக்டர் வரவேற்பறையில் பார்த்தால் மட்டும் தெரியாதவர்கள் மாதிரி இருப்போம்.

தேக்கா ஞாயிறு:

சிங்கப்பூரில் ஏழு வருஷம் கட்டுமான வேலை. எங்களுக்குக் கட்டுவதா வாங்குவதா என்ற பிரச்சினையே இல்லை. மாதக் கணக்கில் கேட்டரிங். விடியும் முன்பே பசியாறலும் மத்தியானச் சோறும் சேர்ந்து டோர்மிட்டரிக்கு வந்துவிடும். லாரியில் ஏறும்போது பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சோறு விறைத்திருக்கும், குழம்பில் லேசாகப் புளித்த வாடை. காய்கறியைத் தனியாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கலப்பது.

சைட் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை உண்டு. அஞ்சு வெள்ளியில் சூடான சோறு. ஆனால் கை போகாது. அஞ்சு வெள்ளி என்று கண் பார்க்கும், மனசு அதை ரூபாயாக்கி, மகளின் ஸ்கூல் பீஸிலிருந்து கழித்துவிடும். ஊரில் எல்லோரும் நான் பணத்தில் புரள்வதாக நினைத்தார்கள். லீவில் போனால் ஓட்டல் பில்லை என் பக்கம்தான் தள்ளுவார்கள். நானும் கொடுப்பேன், மூஞ்சியில் காட்டாமல். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் வாழையிலைச் சாப்பாடு. சோறு இரண்டாவது தடவை கேட்டு வாங்குவேன். மூன்றாவது தடவையும் கேட்பேன்.

கணக்கப்பிள்ளை:

எல்லாவற்றையும் படித்தேன். ஓஎம்ஆர் தங்கச்சி, அம்மாவைக் கேட்டேன். நாலே கால் என்றார். அந்த மெஸ் விஷயத்தையும் இத்தனை வருஷம் கழித்து நேற்றுத்தான் ஒப்புக்கொண்டேன். “தெரியும்டா, உன் சட்டைல அந்த மெஸ் சாம்பார் வாசன அடிக்கும்” என்றார்.

மீதிக் கதை இதுதான். அந்தக் கடையை விட்டு ஆறு வருஷம் கழித்து, தங்கை கல்யாணப் பத்திரிகை வைக்க முதலாளி வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், விடமாட்டேன் என்றுவிட்டார்கள். அவர் மனைவி இலை போட்டபடி, “அந்த டப்பாத் தம்பி நீதானா?” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “இவருக்கு வயித்துல புண்ணு. உறைப்பு, புளி எதுவும் ஆகாது. சாயங்காலம் வந்ததும், இன்னிக்கு அந்தப் பையன் வீட்ல கருவாட்டுக் கொழம்புன்னு என்கிட்ட ஒப்பிப்பாரு. என்ன நிறம், எவ்வளவு எண்ண மெதக்குதுன்னு எல்லாம் சொல்லுவாரு. நீ திடீர்னு டப்பா கொண்டாறத நிறுத்திட்டியாமே, ஒரு வாரம் மொகத்தத் தூக்கி வெச்சிட்டு இருந்தாரு.”

மண்ணடியே கும்பிட்ட கேரியர் அது!

எனக்கு எதிரே அவரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார். மோர் சாதம், சுரைக்காய். என் இலையில் குழம்பு விழுந்ததும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

“என்ன கொழம்புப்பா?”

அவர் வீட்டுக் குழம்புதான். “கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, மொதலாளி” என்றேன்.

“உறைப்பு சரியா இருக்கா?”