அப்பாவின் ரத்தக் குழாயில் கால்சியம் படிந்திருக்கிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரையால் சிறுநீரகம் பழுதாகி, இரண்டு வருடமாக வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக தமனியையும் சிரையையும் ஆபரேஷனில் இணைத்த இடம்). தினமும் காலையில் அதன்மேல் விரல் வைத்துப் பார்ப்பேன், உள்ளே விர்ரென்று அதிரும். போன வாரம் அந்த அதிர்வு குறைந்திருந்தது. ரத்த ஓட்டம் குறைகிறதோ என்று பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் எலும்புக்குப் பக்கத்தில் ரத்தக் குழாயும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

இத்தனை நாள் கொழுப்புதான் குழாயைக் கெடுக்கும் என்று நினைத்திருந்தேன். சிறுநீரகம் வெளியேற்றாத பாஸ்பரஸ் ரத்தத்தில் தேங்கினால், குழாய்ச் சுவரின் தசை செல்களே எலும்பு செல்கள் மாதிரி மாறி, அங்கே கால்சியம் படியுமாம். குழாய் விறைத்துப்போவதால் இதயத்துக்கும் சுமை. அப்பாவுக்கு பாஸ்பரஸ் 7.1, சாதாரணமாக 4.5க்குள் இருக்க வேண்டியது. செவலமர் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடாமல் ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடிக்கத்தானே அந்த மாத்திரை! நான் கவனித்திருக்க வேண்டும்.

புரதம் குறையக் கூடாது, பாஸ்பரஸ் ஏறக் கூடாது என்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு கொடுக்கிறோம், அவருக்கு அலுத்துவிட்டது. தயிரையும் பால் டீயையும் விடமாட்டேன் என்கிறார். உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறீர்கள்? வெளியே சாப்பிடும்போது மாத்திரையை எப்படி நினைவு வைக்கிறீர்கள்? அப்புறம், குறுகிப்போன ஃபிஸ்டுலாவை பலூன் வைத்து விரித்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மாதம் தாங்கியது என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம்.