அல்ட்ராசோனிக் தொட்டியில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது

*மதுரை அத்தை:* அனைவருக்கும் வணக்கம். திருமணத்துக்கு முன் வீட்டு நகைகளைச் சுத்தம் செய்துவிடலாம் என்று அல்ட்ராசோனிக் கிளீனர் ஒன்று வாங்கியிருக்கிறேன். 40 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. அம்மாவின் கெம்பு அட்டிகை, முத்துமாலை, என் வைரத்தோடு, பச்சைக்கல் மோதிரம், அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடலாமா? மலர், மருத்துவமனையில் இதே இயந்திரத்தில்தானே வேலை செய்கிறாய், பார்த்துச் சொல்.

*மலர்:* வணக்கம் அத்தை. தயவுசெய்து இன்னும் எதையும் போட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியவற்றில் வைரத்தோட்டைத் தவிர வேறு எதுவும் அந்தத் தொட்டிக்குள் போகக்கூடாது.

*கதிர்:* தேய்ப்பதில்லை, சுரண்டுவதில்லை, ஒலி அலை மட்டும்தானே தண்ணீருக்குள் போகிறது? அதனால் நகைக்கு எப்படிச் சேதம் வரும், அக்கா?

*மலர்:* சுத்தம் செய்வது ஒலியல்ல கதிர், ஒலி உண்டாக்குகிற குமிழிகள். நம் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். இந்தத் தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பீசோ தகடு, அதாவது மின்சாரத்தால் அதிரும் தகடு, நொடிக்கு 40,000 முறை அதிர்கிறது. அழுத்தம் குறையும் கணத்தில் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றி வளர்கின்றன, அழுத்தம் கூடும் கணத்தில் அவை உள்நோக்கி நொறுங்குகின்றன. ஒரு பரப்பின் அருகில் நொறுங்கும் குமிழி அந்தப் பரப்பை நோக்கி ஊசிமுனை போன்ற நீர்த்தாரையைப் பாய்ச்சுகிறது. அழுக்கைப் பெயர்ப்பது அதுதான். இதே குமிழிகள்தான் கப்பல்களின் விசிறித் தகடுகளை அரித்தன. 1917இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு குமிழி நொறுங்கும்போது எழும் அழுத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். இரும்பையே அரிக்கக்கூடிய ஒன்றை அளவோடு வைத்து வேலை வாங்குகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

அதிர்வெண் கூடக் கூடக் குமிழி சிறிதாகும், அடியும் மென்மையாகும். கனமான இயந்திரப் பாகங்களுக்கு 25 கிலோஹெர்ட்ஸ் போதும். மெல்லிய பாகங்களுக்கு 80க்கும் மேலே போவார்கள். கணினிச் சில்லுகள் செய்யும் சிலிக்கான் தகடுகளை 1,000 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அலையில் கழுவுகிறார்கள்.

*மதுரை அத்தை:* அம்மாவின் அட்டிகை தங்கமும் கல்லும்தானே, அதற்கு என்ன ஆகிவிடும்?

*மலர்:* தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது அத்தை. கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்றுதான் பார்க்க வேண்டும். பழைய கெம்பு நகையில் கல்லுக்குப் பின்னால் அரக்கை நிரப்பி, பளபளப்புக்குத் தகடு வைத்து மூடியிருப்பார்கள். தொட்டியின் சூட்டில் அரக்கு இளகும், அதிர்வில் கல் ஆடும், உள்ளே புகுந்த ஈரம் தகட்டைக் கறுக்கச் செய்துவிடும். அந்த வேலை தெரிந்த ஆசாரியிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். பச்சைக்கல்லின் கதை வேறு. மரகதத்தில் இயற்கையாகவே நுண்ணிய கீறல்கள் உண்டு. பெரும்பாலான கற்களில் அவை தெரியாமலிருக்க எண்ணெயோ பிசினோ ஏற்றியிருப்பார்கள். தொட்டியில் அது வெளியேறினால் கல் மங்கிப்போகும், கீறல் பெரிதாகவும் கூடும். முத்து, பவளம், ஓபல் ஆகியவையும் மென்மையானவை. முத்தை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

*பெரியப்பா:* அப்பாவின் கடிகாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். கடையில் இருந்த காலத்தில் ஜனதா கடிகாரங்களை எவ்வளவோ பிரித்து மாட்டியிருக்கிறேன். முழுக் கடிகாரத்தையும் தண்ணீரில் போட்டால் அது அதோடு போயிற்று. சக்கரங்களையும் தகடுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, சிறு கூடைகளில் இட்டு, அதற்குரிய திரவத்தில் சில நிமிடங்கள் அதிரவிட்டால், வருடக்கணக்கில் பிசினாய் உறைந்த எண்ணெய் ஊசித்துளைக்குள்ளிருந்தும் கழன்று வருவதைக் காண்பது எனக்கு இன்றைக்கும் பெரிய மகிழ்ச்சி. பிறகு அலசி, உலர்த்தி, புதிதாக எண்ணெய் இட வேண்டும். மலர் சொன்ன அரக்கு இங்கேயும் இருக்கிறது: பேலட் என்ற கவையில் பதித்த இரண்டு மாணிக்கக் கற்களை அரக்குதான் பிடித்திருக்கிறது, ஆல்கஹாலில் ஊறவிட்டால் அது கரைந்துவிடும். ஹேர் ஸ்பிரிங் என்ற மயிரிழைச் சுருள்வில்லைத் தனியாகவே வைப்போம். குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் இருப்பதால் அதன் மின்சுற்றுப் பலகையையும் தொட்டியில் போடமாட்டோம். அப்பாவின் கடிகாரத்தை என்னிடம் அனுப்பிவை அம்மா, நானே பார்க்கிறேன்.

*கதிர்:* என் பைக்கின் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளைப் பாகமான ஜெட்டைக் கம்பியால் குத்தியே மெக்கானிக் துளையைப் பெரிதாக்கிவிட்டார். புதிய ஜெட் வாங்கி மாட்டிய பிறகு, அடுத்த முறை தொட்டியில் பெட்ரோல் ஊற்றி அதைச் சுத்தம் செய்யலாமா?

*மலர்:* பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதையும் தொட்டியில் ஊற்றவே கூடாது கதிர். அலையும் சூடும் ஆவியைக் கிளப்பும், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. தண்ணீரும் மென்மையான சோப்புத் திரவமும் போதும். காரம் மிகுந்த திரவம் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், ரப்பர் வளையங்களை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். துளையைத் துளியும் பெரிதாக்காமல் அடைப்பை எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் பிரிவிலும் கத்தரிக்கோல், ஃபோர்செப்ஸ் ஆகியவற்றின் கீல்களுக்குள் உறைந்த இரத்தத்தைத் தூரிகையால் எட்ட முடியாது. கீலைத் திறந்து வைத்துத் தொட்டியில் இடுகிறோம். ஆனால் அது கிருமிநீக்கம் ஆகாது. அதன் பிறகுதான் அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவ்.

*மதுரை அத்தை:* சரி, தோட்டை மட்டும் போடுகிறேன். முறையைச் சொல்.

*மலர்:* கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் ஆடுகின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள், ஆடினால் வேண்டாம். கீறலை நிரப்பிய வைரம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தாலும் வேண்டாம். புதிதாக ஊற்றிய தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குமிழிகளின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே நகை இல்லாமலே பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு அடுப்படி அலுமினியத் தாள் ஒரு துண்டைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு நிமிடம் நனையவிட்டுப் பாருங்கள், ஊசித்துளைகளும் சுருக்கங்களும் பரவலாக விழுந்தால் இயந்திரம் சரியாக வேலை செய்கிறது. விரல்கள் தண்ணீரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோடுகளைத் தொட்டியின் அடியில் வைக்காமல் கூடையில், ஒன்றையொன்று உரசாதபடி இடைவெளி விட்டு வையுங்கள். வைரத்தை வைரமே சிராய்க்கும். இரண்டு மூன்று நிமிடம் போதும். தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள், கல் கழன்றிருந்தால் அதில் தங்கிவிடும்.