கலைச்சொல் தேவை: 'மீளுருவாக்கச் சிகிச்சை' சரியா? (புதன்கிழமைக்குள்)

குழுவினருக்கு வணக்கம்.

ஆண்களுக்கான ஒரு மருத்துவ ஆய்வின் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுகிறேன். புதன்கிழமை கொடுக்க வேண்டும். திசுவில் ஒலி அலை செலுத்தும் முறைக்கு 'அதிர்வலை' என்பதில் சிக்கல் இல்லை. டெங்கு வந்த பிறகு 'தட்டணு' (ரத்தம் உறைய உதவும் அணு) ஊரறிந்த சொல், அதனால் 'தட்டணுச் செறிவு ஊசி'யும் நின்றுவிட்டது. விறைப்பு எழாத நோயை 'ஆண்மைக்குறைவு' என்றும், பழுதான திசுவைத் திரும்ப வளர வைக்கும் முறைகளை 'மீளுருவாக்கச் சிகிச்சை' என்றும், ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச்செல்) 'குருத்தணு' என்றும் எழுதியிருக்கிறேன். மூன்றும் மனதுக்கு ஒட்டவில்லை. உதவுங்கள்.

---

> ஆண்மைக்குறைவு

தம்பி, இது கூடவே கூடாது. ஆள் + மை = ஆண்மை. வேளாண்மை, தாளாண்மை எல்லாம் இந்த வழியில் வந்தவையே. பிறன்மனை நோக்காமையைப் 'பேராண்மை' என்கிறது குறள் (148). தன்னை ஆள்வதே ஆண்மை என்றால், விறைப்பு எழாத ஒருவனுக்கு அது எப்படிக் குறையும்? 'விறைப்புக் குறைபாடு' என்க. வல்லின றகரம் முக்கியம். 'விரை' என்றால் விதை, படிவத்தில் பொருளே மாறிவிடும்.

'மீளுருவாக்கம்' என்றால் உருவாக்குகிறவன் வெளியே நிற்கிறான். இங்கே திசுவல்லவா தானே வளர வேண்டும்? 'மீள்துளிர்ப்பு' என்பதே பொருந்தும். குருத்து பனைக்கும் வாழைக்கும் உரியது. தொல்காப்பிய மரபியல் தளிரை மரத்தின் உறுப்பாகச் சொல்லும். ஆகவே 'தளிரணு'.

---

புலவர் ஐயா, ஆண் + மை என்றும் பிரியுமே. தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' என்று வருவது ஆண் என்ற பொருளில்தானே?

இருக்கட்டும். எங்கள் ஊரில் கரும்பை வெட்டியபின் கட்டையிலிருந்து மறுபடி வளர்வதை 'மறுதாம்பு' என்போம். விதைக்கரணை வேண்டாம், பழைய வேரே போதும். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? 'மறுதாம்பு மருத்துவம்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

---

மறுதாம்பு அழகான சொல்தான் அண்ணா. ஆனால் மறுதாம்பு விளையும் என்று விவசாயிக்குத் தெரியும். இது விளையுமா என்று எங்களுக்கே தெரியாது. நான் சிறுநீரகவியல் மருத்துவர், அதனால் நோயாளி பக்கம் நின்று பேசுகிறேன்.

ஆங்கிலத்திலும் இதே சண்டை நடந்தது. 'ஆற்றல் இல்லாதவன்' என்ற தொனியுள்ள பழைய சொல்லை விட்டுவிட்டு விறைப்பின் குறைபாடு என்று மட்டும் சொல்லுங்கள் என 1992-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாடு பரிந்துரைத்தது. நம்மிடம் 'ஆண்மைக்குறைவு', 'நரம்புத்தளர்ச்சி' இரண்டும் சுவரொட்டியில் வாழும் சொற்கள். அவற்றைப் படித்துவிட்டு லாட்ஜ் வைத்தியரிடம் பணத்தை இழந்தபின் என்னிடம் வருகிறவர்கள் தலை நிமிர்ந்து பேசுவதில்லை. சர்க்கரை நோயோ ரத்தக்குழாய் அடைப்போ காரணமாக இருக்கும், அதைப் பார்க்கவே பல வருடம் பிந்திவிடும். ஐயா சொன்ன 'விறைப்புக் குறைபாடு'க்கே என் ஓட்டு. படிவத்தில் 'மலட்டுத்தன்மை' வந்தால் அதுவும் வேண்டாம், 'குழந்தையின்மை' போதும்.

எனக்குப் பெரிய கவலை 'சிகிச்சை' என்ற சொல்தான். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல், இந்தக் குறைபாட்டுக்கு அதிர்வலையையும் ஸ்டெம் செல்லையும் ஆய்வுநிலை என்றும், தட்டணு ஊசியைச் சோதனை முயற்சி என்றும்தான் சொல்கிறது. விந்தணு மூலச்செல்லை மலட்டு எலிக்குள் வைத்து விந்தணு உண்டாக்கியது 1994-இல். மனிதருக்கு அது இன்னும் வழக்கமான மருத்துவமாகவில்லை. ரத்த நோய்கள் போல ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2017-இல் வழிகாட்டியிருக்கிறது. படிவத்தில் 'மீள்துளிர்ப்புச் சிகிச்சை' என்று படித்தால் துளிர்க்கும் என்றுதானே கையெழுத்துப் போடுவார்?

அப்புறம், குருத்தணு என்றால் குருத்தெலும்பு ஞாபகம் வந்து முழங்கால் ஊசியா என்று கேட்பார்கள். 'ஸ்டெம் செல்' என்றே விடுங்கள்.

---

அனைவருக்கும் நன்றி. இப்படி அனுப்புகிறேன்: 'விறைப்புக் குறைபாடு', 'குழந்தையின்மை', 'திசு மீள்வளர்ச்சி முயற்சி (ஆய்வுநிலை)'. ஸ்டெம் செல் அப்படியே இருக்கும், முதல் இடத்தில் மட்டும் குருத்தணு என்று பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். மறுதாம்பை, பலன் உறுதியான வேறு ஏதாவது ஒன்றுக்கு எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணா.

---

'முயற்சி' நன்று, மருத்துவர் சொன்னது என் மனத்தைத் தொட்டது. ஆனால் ஸ்டெம் செல்லுக்கு என் உடன்பாடு இல்லை என்று பதிவு செய்க. தட்டணு மக்கள் வாயில் ஏறியது போலத் தளிரணுவும் ஏறும். முதல் படிவத்தில் யாராவது எழுதினால்தானே?