புது அகலத்திரை டிவி வீட்டுக்கு வந்த நாள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை

2014 ஜனவரி, மார்கழிக் குளிர். வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கும்பகோணம் வீட்டுக்கு 32 இஞ்ச் எல்இடி டிவி வாங்கிக்கொண்டு போனேன். முழங்கால் வலியால் அம்மா ஸ்ரீரங்கம் போவது நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. ஏகாதசியன்று இருட்டிலேயே எழுந்து குளித்துவிட்டு, பரமபத வாசல் திறப்பதை டிவியில்தான் பார்ப்பாள். பழைய 21 இஞ்ச் டப்பா டிவியில் கூட்டத்துக்கு நடுவே நம்பெருமாள் ஒரு புள்ளியாகத் தெரிவார். அந்த வருஷம் ரத்தின அங்கியை அம்மா கண்ணாரப் பார்க்கட்டும் என்றுதான் வாங்கினேன்.

முதல் தப்பு என்னுடையது. 32 இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் சட்டத்தோடு 29 அங்குலம் வந்தது. ஷோகேஸில் டிவி வைக்கும் பொந்தோ சரியாக 2 அடி. டேப் வைத்து அளக்காமல் வாங்கியிருந்தேன். சரி, சுவரில் மாட்டிவிடலாம் என்றால், எங்களுடையது தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர். கடையிலிருந்து வந்த தம்பி டிரில் வைத்ததுமே பொலபொலவென்று கொட்டியது. திருகைப் பிடிக்கச் சுவருக்குள் சொருகும் பிளக் நிற்கவே இல்லை. தெருமுனை ஆசாரி ஒரு தேக்குப் பலகையைக் கொண்டுவந்து, நீளமான போல்ட்டுகளால் ஆறு இடத்தில் சுவரோடு இறுக்கி, அதன்மேல் பிராக்கெட்டை மாட்டினார். அதற்கே அரை நாள் போயிற்று. அந்தப் பலகை இன்றுவரை அசையவில்லை.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பி ஐந்தடி உயரத்தில் குறி போட்டிருந்தார். "அண்ணே, எல்லா வீட்லயும் இதான் ஹைட்டு" என்றார். அம்மா உட்காருவது சாய்வு நாற்காலியில். அவளை அதில் உட்காரவைத்து, கண் மட்டத்தைப் பார்த்து, திரையின் நடு மூன்றரை அடியில் வரும்படி இறக்கினோம்.

அடுத்து வயர். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை. டிவியின் பின்னால் மஞ்சள் ஓட்டையே இல்லை. பச்சை ஓட்டையின் விளிம்பில் மட்டும் மஞ்சள் வளையம் இருந்தது. மஞ்சளை அதில் சொருகினால் படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில்! டிவியே பழுது என்று கடைக்குப் போன் போடப் போய்விட்டேன். விஷயம் இதுதான்: அந்த ஒரே ஓட்டை ஏவிக்கும் (படம் முழுவதும் ஒரே மஞ்சள் வயரில் வருவது) காம்பொனென்ட்டுக்கும் (படத்தை மூன்று வயராகப் பிரித்து அனுப்புவது) பொது. ரிமோட்டில் சோர்ஸ் 'காம்பொனென்ட்' என்று இருந்தால் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடும். 'ஏவி' என்று மாற்றியதும் நிறம் வந்துவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் அம்மா சொன்னாள். "ஏண்டா, எல்லாரும் வீங்கிப்போன மாதிரி இருக்காளே?"

செய்தி வாசிப்பவர் முகம் பூசணிக்காயாக இருந்தது. தம்பியிடம் கேட்டால், "ஸ்கிரீன் ஃபுல்லா வர்ற மாதிரி வச்சிருக்கேண்ணே. பக்கத்துல கறுப்புப் பட்டை வந்தா கஸ்டமருக்குப் பிடிக்காது. ரெண்டு நாள்ல கண்ணு பழகிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய திரையில் இரண்டு ஓரமும் காலியாக இருப்பதா?

அம்மா விடவில்லை. பூ கட்டும் நூலை எடுத்தாள். ஒரு சேனலில் வட்டமான கடிகாரம் ஒன்று வந்து நின்றது. நூலை அதன்மேல் நெட்டுக்குப் பிடித்து முடிச்சுப் போட்டாள். அதே நூலை அகலத்துக்குப் பிடித்தாள். நெட்டுக்குப் பன்னிரண்டு விரற்கடை என்றால் குறுக்கே பதினாறு. "வட்டம் வட்டமா இல்லையே. பெருமாளை இப்படியா காட்டுவே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நம்பெருமாளின் அந்த நிமிர்ந்த மெலிந்த அழகை ஐம்பது வருஷமாகப் பார்த்தவள். ராத்திரி உட்கார்ந்து மெனுவைத் துழாவினேன். படத்தின் வடிவம், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், என்ற இடத்தில் '16:9' என்று இருந்ததை, சேனல் அனுப்பும் படத்தின் வடிவமான '4:3' ஆக்கினேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. நூல் அளவு ஒத்துப்போனது. இன்னொன்றும் தெரிந்தது: பட்டை போக மிஞ்சிய படமே மூலைக்கு மூலை 26 இஞ்ச். பழைய டிவியைவிட ஐந்து இஞ்ச் பெரிது. நஷ்டம் எதுவும் இல்லை.

ஏகாதசி விடியலில் வாசல் திறந்து பெருமாள் வெளியே வந்தபோது அம்மா எழுந்து நின்றுவிட்டாள், முழங்கால் வலியோடு.

வைகைப் பட்டறை

மதுரையில் முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். காவிரிக்கரை அம்மாவின் நூலுக்கு என் வணக்கம். நாங்கள் டப்பா டிவியில் படத்தின் உயரமும் அகலமும் சரிசெய்ய டெஸ்ட் பேட்டர்ன் வட்டத்தைத்தான் பார்ப்போம். அவர் செய்ததும் அதேதான்.

பலர் கேட்பது: எந்த நிகழ்ச்சியும் திரையில் ஒழுங்காகப் பொருந்துவதில்லையே, எதற்கு இந்த 16:9? 1980களில் அமெரிக்காவில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் போட்ட கணக்கு அது. அப்போது புழக்கத்தில் இருந்த வடிவங்களில் ஒரு கடைசி 4:3, மறு கடைசி 2.35:1 என்ற மிக அகலமான சினிமாஸ்கோப். எல்லாவற்றையும் ஒரே பரப்பளவில் வெட்டி, நடுப்புள்ளி ஒன்றாக வரும்படி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் சட்டம் சுமார் 1.77:1 ஆக வந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான நடுப்பகுதியும் அதே வடிவம். அதுதான் 16:9. பழைய நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் கொஞ்சம் பட்டை, ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கொஞ்சம் பட்டை என்று இரண்டு பேருக்கும் சமமாகப் பங்கு வைத்த அளவு. பட்டை வந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம்.

வடிவத்தை மாற்றும் இடம் இரண்டு உண்டு: டிவியில் ஒன்று, செட்டாப் பாக்ஸில் ஒன்று. இரண்டும் முரண்பட்டால் நாலு பக்கமும் கறுப்பாகி, படம் நடுவில் தபால்தலை மாதிரி நிற்கும். முதலில் பாக்ஸை 16:9 டிவி என்று வையுங்கள், பிறகு டிவிக்கு வாருங்கள். 'ஜூம்' வைத்தால் 4:3 படத்தின் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும், தலையோ அடியில் ஓடும் எழுத்தோ போய்விடும். எச்டிஎம்ஐ வயர் போட்டும் செய்தி ஓடும் வரி பாதி அறுந்து தெரிந்தால் அது ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுவது. டப்பா டிவி காலத்துப் பழக்கம் இன்னும் சில டிவிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', '1:1', 'ஸ்கிரீன் ஃபிட்' என்று ஏதோ ஒரு பெயரில் தீர்வு இருக்கும்.

பாலாற்றுப் பெண்

என்னுடையது சின்ன அனுபவம். 43 இஞ்ச் டிவியை ஆட்டோவில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தோம். வீட்டில் போட்டுப் பார்த்தால் நடுவில் ஒரு கீறல், மரக்கிளை மாதிரி பிரிந்து போயிற்று. நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும், அட்டைப் பெட்டியில் அம்புக்குறியே இருக்கிறது. இன்னொன்று, இடி இடித்தால் கரண்டு பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் வயரையும் கழற்றுங்கள். எங்கள் தெருவில் பாக்ஸும் எச்டிஎம்ஐ ஓட்டையும் சேர்ந்து போன வீடுகள் உண்டு.

பொருநை

எங்கள் அப்பா தென்காசிப் பக்கம் ஒரு சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவர். 2022இல் 55 இஞ்ச் வாங்கினோம். மாட்டிக் கொடுத்தவர் போனதும் அப்பா கேட்டது ஒரு ஸ்கோப் படம். போட்டோம். மேலே 8 சென்டிமீட்டர், கீழே 8 சென்டிமீட்டர் கறுப்பு. என் மகன், "தாத்தா, ஃபுல் ஸ்கிரீன் பண்ணட்டா?" என்று ரிமோட்டை எடுத்தான். "தொடாதல. அதாம்ல ஸ்கோப்பு."

அப்புறம் சொன்னார். ஸ்கோப் பிலிமில் படம் பக்கவாட்டில் பாதியாக நெருங்கியிருக்குமாம். புரொஜக்டரில் தனி லென்ஸ் மாட்டினால்தான் இரண்டு மடங்காக விரியும். 1973இல் வந்த ராஜராஜ சோழன் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அந்த மாதிரிப் படங்களுக்கு லென்ஸ் மாட்ட மறந்தால் ராஜா, யானை எல்லாம் ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டு நிற்குமாம், கொட்டகையே கத்துமாம். காவிரிக்கரை அம்மாவுக்கு வீங்கித் தெரிந்தது, இவர்களுக்கு மெலிந்து தெரிந்திருக்கிறது.

ஆனால் பத்து நிமிஷத்தில் அப்பாவே எழுந்துவிட்டார். "பிலிம் ஓடுத மாதிரி இல்லியே. நாடகத்த வீடியோ எடுத்த மாதிரில்லா வழுக்குது." எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது புரிந்தது. சினிமா நொடிக்கு 24 படம். டிவி தானாக நடுவில் புதுப் படங்களை உண்டாக்கி நிரப்புகிறது. மோஷன் என்று தொடங்கும் அமைப்பை அணைத்தேன். கடையில் கண்ணைப் பறிக்க வைத்திருந்த 'விவிட்' நிறத்தை 'சினிமா' என்று மாற்றினேன். அப்பா மறுபடி வந்து உட்கார்ந்து இடைவேளை வரை பேசவில்லை.

காவிரிக்கரை

பொருநை, உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். லென்ஸ் சரியாக மாட்டியிருக்கிறதா என்று அவர் திரையில் எதை வைத்துப் பார்ப்பார்? அம்மா கேட்கச் சொன்னாள்.

பொருநை

கேட்டேன். தேர்ச் சக்கரமோ நிலாவோ வரும் காட்சிக்காகக் காத்திருப்பாராம்.